பதக்கத்துக்கு அலமாரி உண்டு, பயிற்றுநருக்கு நாற்காலி இல்லை

நாக் குழு வருகிறது என்றால் நம் கல்லூரிகளில் முதலில் துடைக்கப்படுவது முதல்வர் அறை வாசலில் நிற்கும் கண்ணாடி அலமாரிதான். ஆண்டு முழுதும் தூசு படிந்து கிடந்த கோப்பைகள் அன்று ஒளிரும். தரமதிப்பீட்டுக் கையேடுகளில் 5.3.1 என்ற எண்ணின் கீழ் அவை எண்ணிக்கையாக மாறும். பல்கலைக்கழக, மாநில, தேசிய அளவில் மாணவர் பெற்ற பதக்கங்கள் எத்தனை, சான்றிதழ்களின் நகல் எங்கே என்று அந்தப் பகுதி கேட்கும். அந்த அணியை உருவாக்கியவர் யார், அவர் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார், அடுத்த ஆண்டும் இருப்பாரா என்று கேட்க அதில் ஒரு கட்டமும் கிடையாது. கோப்பை தானாக விளைந்ததுபோல அலமாரியில் நிற்கிறது.

கல்லூரி அணியின் தலைமைப் பயிற்றுநர் என்றொரு தொழில்வாழ்வு இந்தியாவில் இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆடுகளத்தில் நிற்கும் பெண்களும் ஆண்களும் கொல்கத்தாவிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. நுழைந்து, வளர்ந்து, தன் துறையில் மதிக்கப்பட்டு, தன் அறிவை அடுத்தவருக்குக் கைமாற்றிவிட்டு ஓய்வுபெறும் ஒரு பாதைதான் அவர்களுக்கு இல்லை. பல்கலைக்கழகம் அந்தப் பாதையைப் போட மறந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அது போடாமல் விட்டதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று நம்மைப் போன்ற ஆய்வாளர்களையும் சேர்ந்தது என்பதால்தான் இந்த நீண்ட பதிவு.

நான் ஆய்வு செய்யும் இந்த நகரத்திலிருந்தே தொடங்குகிறேன். 1877இல் ஹேர் பள்ளி மாணவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரியும் அவன் தோழர்களும் காசு சேர்த்துப் பந்து வாங்கினார்கள்; வாங்கி வந்தது ரக்பி பந்து என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் அதைப் பார்த்துவிட்டு, சரியான பந்தைத் தந்து கால்பந்தின் விதிகளைச் சொல்லிக்கொடுத்தார் என்பது வங்கக் கால்பந்தின் தொடக்கக் கதையாகச் சொல்லப்பட்டு வருவது. கதையின் நுணுக்கங்கள் எப்படியும் போகட்டும். ஒரு கல்லூரி ஆசிரியர் பாடம் நடத்துவதும் பந்தை எப்படி உதைப்பது என்று காட்டுவதும் ஒரே மனிதரின் ஒரே வேலையாக அங்கே இருந்தன.

கூடைப்பந்தின் கதை இன்னும் நெருக்கமானது. ஜேம்ஸ் நைஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891 டிசம்பரில் அந்த ஆட்டத்தை உருவாக்கினார். முதல் ஆட்டத்தில் ஆடிய மாணவர்களுள் ஒருவரான டங்கன் பாட்டன் 1894இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். ஆட்டம் பிறந்து மூன்றாண்டுகூட முழுதாக ஆகவில்லை. உலகின் பல நாடுகள் அதன் பெயரையே கேள்விப்பட்டிராத காலம். 1908இல் கல்கத்தா ஒய்.எம்.சி.ஏ.வுக்கு உடற்பயிற்சி இயக்குநராக ஜே.எச். கிரே வந்தார். சேலத்தில் பிறந்த கே.டி. பால் 1916இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.யின் தேசியப் பொதுச்செயலாளர் ஆனார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். அந்த அமைப்பின் தலைமையகம் அப்போது இந்நகரில்தான். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையே இவ்வளவு நேரடியான ஒரு கோடு இருந்தது. ஆட்டத்தை விரைவாகவே பெற்றுக்கொண்டோம். அதைக் கற்பிப்பவருக்கு ஒரு பதவி வேண்டும் என்பதைப் பெற்றுக்கொள்ளவில்லை.

நைஸ்மித்துக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். 1898இல் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உடற்கல்வி கற்பித்தார், வழிபாட்டுக் கூடத்தை நடத்தினார், கூடைப்பந்து அணிக்கும் பயிற்சி தந்தார். அணியின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அப்பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து வரலாற்றில் தோல்வி மிகுந்த கணக்கோடு நிற்கும் ஒரே பயிற்றுநர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே. அதற்காக அவரை யாரும் அனுப்பிவிடவில்லை. 1937இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே ஆசிரியராக இருந்தார்.

அங்கே இருந்ததால்தான் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் 1933இல் கன்சாஸுக்கு வந்தபோது அவருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். கன்சாஸ் அணியில் கறுப்பினத்தவர் ஆட இயலாது. ஆகவே மெக்லெண்டன் ஒரு நாளும் அந்தப் பல்கலைக்கழகத்துக்காக ஆடியதில்லை. ஆனால் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரிடமே நேரடியாகப் படித்தார். படித்ததை வட கரோலினாவின் டர்ஹாம் நகரில், கறுப்பின மாணவருக்கென்று இருந்த கல்லூரிக்குக் கொண்டுபோனார். வேகமான ஆட்டத்தையும் களம் முழுதும் நெருக்கிப் பிடிக்கும் தடுப்பையும் அங்கே வளர்த்தெடுத்தார்.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே தேவாலயத்தில் இருந்த நேரத்தில் அதே நகரின் டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணி மெக்லெண்டனின் கல்லூரிக் களத்துக்கு வந்தது. அப்படி இரு இனத்தவர் சேர்ந்து ஆடுவது அம்மாநிலத்தில் அன்று நினைத்தும் பார்க்க முடியாத செயல். கதவுகள் தாழிடப்பட்டன. பார்வையாளர் இல்லை. மெக்லெண்டனின் மாணவர்கள் 88–44 என்ற கணக்கில் வென்றார்கள். பிறகு இரு அணியினரும் கலந்து, இனம் பாராமல் பிரிந்து இன்னொரு முறை ஆடினார்கள். இச்செய்தி பரவலாக வெளியே தெரிய அரை நூற்றாண்டு ஆயிற்று. மெக்லெண்டன் பின்னர் டென்னசியில் 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்றார். தன் ஆட்டமுறையை ஒரு நூலாக எழுதினார். 1966இல் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்றுநராக அமர்த்தியது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அப்பதவியேற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். கூடைப்பந்தின் புகழ்மண்டபம் 1979இல் அவரைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் 'பங்களித்தவர்' என்ற பட்டியலில். பயிற்றுநர் என்ற பட்டியலில் அவர் பெயர் ஏற 2016 ஆயிற்று. அவர் இறந்து 17 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதை நான் விரித்துச் சொல்வது அமெரிக்காவைப் புகழ அல்ல. ஒரு பயிற்றுநரின் தொழில்வாழ்வு என்றால் என்ன என்பதை இந்த ஒரு வாழ்விலேயே காணலாம் என்பதற்காக. அதில் ஆசிரிய மரபு உண்டு, கோட்பாடு உண்டு, எழுத்து உண்டு, நிறுவனத்தோடு பிணக்கும் உண்டு. மெக்லெண்டனை அன்றைய அமெரிக்கா அவமதித்தது. ஆனால் அவமதிப்பதற்காவது அவருக்கு ஒரு பதவி இருந்தது. நம் கல்லூரிகளில் அதுவும் இல்லை.

அமெரிக்க வழி பிறகு எங்கே போய் நின்றது என்பதையும் மறைக்க வேண்டாம். இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் மிக அதிக ஊதியம் பெறும் அரசு ஊழியர் ஆளுநரோ நீதிபதியோ அல்லர். அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்றுநர். அவரது அணியில் ஆடும் மாணவர்களோ தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்ற தடை 2021வரை இருந்தது. மூன்று தேசியப் பட்டங்கள் வென்ற பாபி நைட், பயிற்சியின்போது ஒரு மாணவரின் கழுத்தில் கைவைத்த காணொளி வெளியாகி, 2000இல் இந்தியானா பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டபோது மாணவர் கூட்டம் அவருக்காகத் தெருவில் இறங்கியது. பயிற்றுநரைக் கடவுளாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதுமான சாட்சி. நான் கேட்பது ஒரு துணைப்பேராசிரியருக்கு உரிய நாற்காலியைத்தான். சிம்மாசனம் யாருக்கும் வேண்டாம்.

இனி நம் ஏற்பாட்டுக்கு வருவோம். விடுதலைக்குப் பிறகு அரசு இரண்டு வாய்க்கால்களை வெட்டியது. 1957இல் குவாலியரில் இலக்குமிபாய் பெயரில் உடற்கல்விக் கல்லூரி, அங்கே பட்டம். 1961இல் பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம். அங்கே பயிற்றுநர் பட்டயம். முதல் வாய்க்காலில் வந்தவர் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனார். இரண்டாவதில் வந்தவர் விளையாட்டு ஆணையத்துக்கும் காவல்துறைக்கும் ரயில்வேக்கும் போனார். ஆட்டத்தைக் கற்பிக்கும் நுட்பம் தெரிந்தவரைக் கல்லூரிக்குள் வரவிடாமல் கரைபோட்டுத் தடுத்ததுபோல் ஆயிற்று. கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் பதவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு விதிப்பது என்ன? உடற்கல்வியில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டம், தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம், தானே விளையாடியதற்கான சான்று, ஓர் உடல்தகுதித் தேர்வு. 30 வயதுக்குட்பட்ட ஆண் 12 நிமிடத்தில் 1800 மீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். ஓடத் தெரியுமா என்று சோதிக்கிறார்கள். ஐந்து பேரை ஒரே கண்ணோட்டத்தில் நகர்த்தத் தெரியுமா, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் எறியும் கையில் உள்ள பிழையை அவள் மனம் உடையாமல் திருத்தத் தெரியுமா என்று யாரும் சோதிப்பதில்லை.

நியமனம் பெற்றவர் என்ன செய்கிறார்? விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கைக்குச் சான்றிதழ் சரிபார்க்கிறார். சுதந்திர தினத்துக்கு அணிவகுப்பு நடத்துகிறார். ஒழுங்குக் குழுவில் உட்கார்ந்து மாணவரின் தலைமுடியின் நீளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார். பந்து வாங்க மூன்று விலைப்புள்ளி கேட்கிறார், பயணப்படிக்கு ரசீது ஒட்டுகிறார், கல்லூரி விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறார். இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்கு அணி அனுப்ப வேண்டிய கல்லூரியில் அவர் ஒருவர்தான். இவர்களில் பலர் மிகச் சிறந்த விளையாட்டு வீரர்களாக இருந்தவர்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஒரு மனிதரை எழுத்தர், காவலர், மேலாளர், ஆசான் என்று நான்காக வெட்டி, முதல் மூன்றுக்கு மட்டும் கணக்குக் கேட்கும் ஏற்பாட்டின்மேல்தான் என் குறை.

பதவி உயர்வு விதிகளில் பயிற்சி முகாம் நடத்தியதற்கும் அணிகள் நன்கு ஆடியதற்கும் சான்று கேட்கும் வரிகள் இருக்கின்றன என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், இருக்கின்றன. அவை நடைமுறையில் கோப்பில் செருகும் இரண்டு தாள்களாகச் சுருங்கிவிட்டன. உயர்வைத் தீர்மானிப்பது முனைவர் பட்டமும் கட்டுரைகளும். விளைவு என்ன என்று ஆய்வேட்டு அடுக்குகளுக்கு நடுவே வாழும் நமக்குத் தெரியாதா? "கல்லூரி அளவிலான ஆண் கூடைப்பந்து வீரர்களின் தேர்ந்தெடுத்த உடற்திறன் மாறிகளின்மீது பன்னிரண்டு வாரப் பயிற்சியின் விளைவு." இந்தத் தலைப்பில் வாரத்தின் எண்ணையும் பயிற்சியின் பெயரையும் ஆட்டத்தின் பெயரையும் மாற்றி மாற்றி எத்தனை ஆய்வேடுகள்! ஒரு குழுவுக்குப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு இல்லை, இறுதியில் 0.05 அளவில் பொருள்படும் வேறுபாடு. பயிற்சி செய்தவன் செய்யாதவனைவிட மேலாகத் தாவினான் என்று நிறுவ முனைவர் பட்டம் எதற்கு? தன் களத்தில் இருபது ஆண்டு நின்று ஒருவர் கண்டுகொண்டவை, எந்த மாணவியை எப்போது மாற்றி இறக்கினார், ஏன் அந்தத் தடுப்பைக் கைவிட்டார், எப்படி ஒரு தோல்விக்குப் பிறகு அணியை மறுபடி கூட்டினார் என்பவை, ஆய்வு என்ற பெயருக்குத் தகுதியற்றவை என்று கருதி வெளியே நிறுத்தப்படுகின்றன. சமையல் தெரிந்தவரிடம் உப்பின் வேதியியல் கேட்டுத் தேர்வு வைப்பதைப் போன்றது இது.

இங்கேதான் நாம் வருகிறோம். நம் கருத்தரங்குகளில் 'உடல்' இல்லாத நாள் இல்லை. உடலின் உத்திகளைப் பற்றி மார்செல் மோஸ் 1934இல் ஆற்றிய உரையை மேற்கோள் காட்டாத சமூகவியல் மாணவர் உண்டா? நீந்துவதும் நடப்பதும்கூடச் சமூகம் கற்பிப்பவை என்று அவர் சொன்னதைச் சிலாகிக்கிறோம். லோயிக் வாகான் சிகாகோவின் குத்துச்சண்டைக் கூடத்தில் மூன்றாண்டுக்கு மேல் அடிவாங்கிக் கற்று எழுதிய நூலைப் பாடமாக வைக்கிறோம். வங்காளியின் உடல் வலுவற்றது என்ற காலனியப் பேச்சையும் அதை மறுக்க எழுந்த அகாராக்களையும் பற்றி ஜான் ரொசெல்லி 1980இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கி இந்த நகரத்தில் ஓர் ஆய்வு மரபே வளர்ந்திருக்கிறது. நல்லது. அந்தக் கருத்தரங்கு அறையின் சன்னலுக்கு வெளியே ஆடுகளத்தில் நிற்பவரை அழைத்து ஒரு நாளாவது பேசச் சொன்னோமா? உடலின் அறிவு என்று நாம் பிரெஞ்சிலிருந்து பெயர்த்துப் பேசுவதைத் தினமும் கையால் செய்துகொண்டிருப்பவர் அவர். தேநீர் இடைவேளையில் நாம் அவரை அழைக்கும் பெயர் 'பி.டி. மாஸ்டர்'.

இதில் சாதி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மூளையால் செய்வது மேல், மெய்யால் செய்வது கீழ் என்ற படிநிலை மேற்கிலிருந்து இறக்குமதியானதல்ல. சிலம்பம் கற்பித்தவரை ஊர் 'ஆசான்' என்றுதான் அழைத்தது. அந்தச் சொல்லைப் பல்கலைக்கழகம் தனக்கு எடுத்துக்கொண்டது, சிலம்பத்தை வாசலிலேயே விட்டுவிட்டது. அரசின் பார்வையும் இதற்கு வேறல்ல. 1985 முதல் சிறந்த பயிற்றுநருக்கு நாடு தரும் விருது துரோணர் பெயரில் இருக்கிறது. அரண்மனைப் பிள்ளைகளுக்கு மட்டும் கற்பித்து, தானாகக் கற்றுக்கொண்டவனிடம் கட்டைவிரலைக் கேட்ட ஆசிரியரின் பெயரை இவ்வளவு கூச்சமின்றிச் சூட்ட முடிந்ததற்குப் பெயர் வைத்தவர்களின் சமூக இருப்பையும் காரணமாகச் சொல்ல வேண்டும்.

பயிற்றுநர் ஆசிரியர்தானா என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ஆந்திரப் பிரதேச வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி இயக்குநர் ஒருவரை 58 வயதில் ஓய்வுபெறச் சொன்னார்கள், ஆசிரியருக்கு 60. தானும் ஆசிரியரே என்று அவர் வழக்காடினார். 1997இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆட்டத்தின் விதிகளையும் திறன்களையும் சொல்லித்தருவது கற்பித்தலே, அது வகுப்பறையில் நடக்காமல் மாலையில் களத்தில் நடந்தாலும் கற்பித்தல் கற்பித்தல்தான் என்பது அத்தீர்ப்பின் சாரம். அறிவுலகம் தானாக உணர்ந்திருக்க வேண்டிய ஒன்றை நீதிபதிகள் சொல்லித்தர வேண்டியிருந்தது. சொன்ன பிறகும் என்ன? ஓய்வு வயதில் இரண்டாண்டு கூடியது. பணிச்சுமைப் படிவத்தில் களத்தில் கழியும் மணிகள் இன்னும் ஏறவில்லை.

'கோச்' என்ற சொல்லின் வரலாறு இன்னும் வேடிக்கையானது. கோச் என்ற ஹங்கேரிய ஊரில் செய்த வண்டியின் பெயர் அது. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தம்மைத் தேர்வுக் கரைக்கு ஏற்றிச்செல்லும் தனி ஆசிரியரை அப்படிக் கேலியாக அழைத்தார்கள். அங்கிருந்துதான் அது படகோட்டத்துக்கும் பின்னர் மற்ற ஆட்டங்களுக்கும் போனது. ஆகவே கோச் என்பவர் பிறப்பிலேயே பல்கலைக்கழகத்து ஆள். இன்று காலேஜ் ஸ்ட்ரீட்டின் சுவர்களைப் பாருங்கள். 'கோச்சிங்' என்றால் நுழைவுத் தேர்வு, அரசுப் பணித் தேர்வு. சொல் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டது. ஆடுகளத்தில் நிற்பவருக்கு அந்தச் சொல்லும் மிஞ்சவில்லை.

எதிர்வாதம் ஒன்றை மதித்துப் பேச வேண்டும். பல்கலைக்கழகத்தின் வேலை அறிவு. ஆட்டத்தை மன்றங்களும் விளையாட்டு ஆணையமும் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். கொல்கத்தாவில் இந்த வாதத்துக்கு வலு அதிகம். மைதானத்தின் மூன்று பெரும் மன்றங்கள் நூறாண்டுக்கு மேலாக ஒரு நகரத்தின் உணர்வையே சுமந்து நிற்கின்றன. ஆனால் மன்றம் பயிற்றுநரை உருவாக்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறது. ரயில்வே வேலையை விட்டுவிட்டுச் சொந்தப் பணத்தில் இங்கிலாந்து போய்ப் பயிற்றுநர் படிப்புப் படித்துவந்தவர் அமல் தத்தா. தொழிலாகவே அதைச் செய்த முதல் இந்தியர்களுள் ஒருவர். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேர் பார்த்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் அவரது மோகன் பகான், பி.கே. பானர்ஜியின் ஈஸ்ட் பெங்காலிடம் 4–1 என்று தோற்றது. அவர் வகுத்த 'வைர' ஆட்டமுறையைப் பற்றி இந்நகரத்தின் தேநீர்க் கடைகள் இன்னும் வழக்காடுகின்றன. ஒரு பல்கலைக்கழகத்துக்கு அது ஒரு பருவப் பாடத்துக்கான பொருள். தேநீர்க் கடை எடுத்துக்கொண்டது, நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு முன்பு, 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கமும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் பெற்றுத்தந்த சையது அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நம் கால்பந்தின் உச்சம் ஒரு வாத்தியாரின் கையால் எட்டப்பட்டது என்பதைத் திரைப்படம் வந்த பிறகே பலரும் அறிந்தோம்.

கூடைப்பந்தில் இந்த வெற்றிடம் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. 2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் இந்திய ஆண்கள் அணி சீனாவை 65–58 என்று வீழ்த்தியது. யாரும் எதிர்பாராத வெற்றி. அப்போது தலைமைப் பயிற்றுநர் ஸ்காட் ஃப்ளெமிங். அமெரிக்காவின் சிறு கல்லூரிகளில் பல ஆண்டுகள் அணிகளை நடத்திப் பழகிய மனிதர். அதாவது, கல்லூரிப் பயிற்றுநர் என்ற தொழில்வாழ்வு உள்ள நாடு ஒருவரை உருவாக்கி வைத்திருந்தது. நாம் சில ஆண்டுகளுக்கு அழைத்துக்கொண்டோம். அவர் போன பிறகு அவர் கற்பித்த முறை எந்தக் கல்லூரியில் தங்கியது? தங்குவதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வேலை வேண்டும். நம் ஆட்டக்காரர்களுக்கு வேலை தருவது ரயில்வே. இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய சென்னையின் அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்கும் ஊதியம் தந்தது தென்னக ரயில்வேதான். ரயில்வேக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ரயில் ஓட்டுவதற்கு ஏற்பட்ட ஒரு துறை விளையாட்டின் புரவலராக இருக்க, கற்பிப்பதற்கு ஏற்பட்ட நிறுவனங்கள் கைகட்டி நிற்பது விந்தை.

தனியார் பல்கலைக்கழகங்கள் இதைச் சரிசெய்துவிட்டன என்று சென்னை நண்பர்கள் சொல்கிறார்கள். கட்டணம் இல்லா இடம், விடுதி, உணவு, மரத்தளம் போட்ட உள்ளரங்கு எல்லாம் உண்டுதான். நான் இளங்கலை படித்த இடத்திலும் இதன் சிறு வடிவம் ஒன்று இருந்தது. பெண்கள் அணிக்குப் பயிற்சி தந்தவருக்குப் பத்து மாத ஒப்பந்தம். மே மாதம் அவர் ஊழியர் இல்லை, ஜூனில் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியர் அறையில் அவருக்கு மேசை கிடையாது. பந்து வைக்கும் அறையின் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி. அவர் பயிற்றுவித்த அணி மண்டலப் போட்டியில் அதுவரை இல்லாத இடத்தைப் பிடித்தது. கோப்பையோடு எடுத்த படத்தில் தாளாளர் இருந்தார், முதல்வர் இருந்தார், அவர் இல்லை. அடுத்த ஜூனில் அழைப்பும் வரவில்லை. குறைந்த ஊதியத்துக்கு இன்னொருவர் கிடைத்திருந்தார். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கோடை முகாம் நடத்துகிறார் என்று கேள்வி. ஆட்டக்காரரை வாங்குவதும் பயிற்றுநரை வாடகைக்கு எடுப்பதும் பதக்கத்தை அறுவடை செய்வதும் ஒரே தொழிலின் மூன்று பிரிவுகள். முழங்கால் உடைந்த மாணவிக்கு இரண்டாமாண்டில் அந்தக் கட்டணச் சலுகை நீடிக்குமா என்று கேட்டுப்பாருங்கள், அது கல்வியா வணிகமா என்பது தெரிந்துவிடும்.

ஒப்பந்தப் பயிற்றுநரால் மாணவருக்காக நிர்வாகத்தை எதிர்த்து நிற்க முடியாது. காயம்பட்டவளை ஆடவைக்காதே என்று சொல்ல அவருக்குத் துணிவு வர வேண்டுமானால் அடுத்த மாத ஊதியம் உறுதியாக இருக்க வேண்டும். பணிப் பாதுகாப்பு என்பது ஆசிரியரின் கருத்துரிமைக்கு அரண் என்று நாம் ஊர்வலம் போகிறோம் அல்லவா? அதே அரண் களத்தில் மாணவரின் உடலுக்கும் வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. பயிற்றுநருக்கு இளம் உடல்கள்மீது இருக்கும் அதிகாரம் பெரிது. அது எப்படியெல்லாம் தவறிப்போகும் என்று தெரியாதவர்கள் நாமல்ல. அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட வேண்டுமானால் முதலில் அவர் பதிவேட்டில் இருக்க வேண்டும், துறைக் கூட்டத்தில் உட்கார வேண்டும், மாணவர் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். இன்று வந்து நாளை போகிறவரிடம் எந்தக் குழு எதை விசாரிக்கும்?

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைமேல் எனக்குப் பல மறுப்புகள் உண்டு. ஆனால் பாடம், பாடம் சாராதது என்ற கடுமையான பிரிவினை கூடாது என்று அது எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் நம்பினார்களா என்பது வேறு. அந்த வரியை அவர்களிடமே திருப்பிக் காட்டலாம். ஓர் அணியின் ஒரு பருவம், பயிற்சியும் ஆட்டமும் ஆட்டத்துக்குப் பின்னான ஆய்வும் சேர்ந்து, மதிப்பலகு பெறும் ஒரு பாடமாகட்டும். அதை நடத்துபவர் பட்டியாலாவின் பட்டயம் பெற்றவராகவும் இருக்கலாம், உடற்கல்வி முதுகலைப் பட்டம் பெற்றவராகவும் இருக்கலாம். வந்து மூன்று நாள் களத்தில் நின்று கற்பித்துக் காட்டட்டும், அதைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். பருவத்தின் முடிவில் அவர் எழுதும் அணி நாட்குறிப்பைப் பிற கல்லூரிப் பயிற்றுநர்கள் இருவர் படித்து மதிப்பிடட்டும். பதவி உயர்வுக்கு அது ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு நிகராக நிற்கட்டும். வெற்றி தோல்வியை மதிப்பெண்ணாக்க வேண்டாம். 55–60 என்ற கணக்கோடு நைஸ்மித் நம் எந்தக் கல்லூரியிலும் மூன்றாவது ஆண்டைத் தாண்டியிருக்க மாட்டார். தாண்டியிராவிட்டால் மெக்லெண்டனுக்கு ஆசான் கிடைத்திருக்க மாட்டார்.

பணிச்சுமைப் படிவத்தில் விரிவுரை, தனிப்பயிற்சி வகுப்பு, செய்முறை என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. நான்காவதாகக் 'களம்' என்று ஒன்றைச் சேர்க்கக் கோரும் தீர்மானத்தின் வரைவை எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம். தம் கல்லூரியின் கல்விக் குழுவில் அதை வைக்கத் துணியும் ஆசிரியர்கள் எனக்கு எழுதினால் அனுப்பிவைக்கிறேன். வரைவைத் திருத்தித் தர உடற்கல்வித் துறைகளில் இருப்பவர்கள் முன்வந்தால் இன்னும் நல்லது. பருவத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற இடத்தை அவர்களுக்காகவே வெற்றாக விட்டிருக்கிறேன்.